கண்ணீருக்கு வரிவிலக்கு

மொத்த வியாபாரிகள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறதாம். என் பணி அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இளைய தலைமுறைக்கு ஊக்கமாக இருக்க வேண்டும், எதிர்மறையாக ஒன்றும் வேண்டாம் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். சிகரெட் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனிடம் எதிர்மறையாக என்ன இருக்கப் போகிறது? ஊக்கமாகவே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் மேல்சித்தாமூர்ப் பக்கம் பிறந்தவன். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது அதில் இருந்து, நம்மால் செத்துவிட்டால் பாவம். இப்படி வளர்ந்தவனுக்குப் பொருத்தமாக அமைந்தது சிகரெட் விற்கிற வேலை. விழுப்புரம் தனி மாவட்டமான 1993-ல், எல்லாத் துறைகளும் அவசர அவசரமாக அங்கே அலுவலகம் திறந்தபோது எங்கள் கம்பெனியும் ஒன்று திறந்தது. நேர்முகத் தேர்வில், புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கடைச் சரக்கே பிடிக்காதவனை யார் கல்லாவில் உட்கார வைப்பார்கள், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுவாரம் உத்தரவு வந்தது. புகைக்காதவன் என்பதால்தான் என்னை எடுத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. கம்பெனி சார்பாகச் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னால் நிற்கிறவன் வாயில் சிகரெட் நாற்றம் வரக் கூடாதாம்.

முதல் சில வருஷங்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மொபெட்டில் சுற்றினேன். திருவாமாத்தூர், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போய் சரக்கு இருக்கிறதா, நம் போர்டு கோணாமல் தொங்குகிறதா, பற்ற வைக்கிற கயிற்றில் நெருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பெட்டிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். இந்தத் தெரிந்த முகத்தைத்தான் பிற்பாடு கம்பெனி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வேலைக்குப் பெயர் பொது விவகாரம்.

பொது விவகாரத்தில் எனக்கு மேலே இருந்தவர் சந்தானம் சார். சென்னைக்காரர். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிகரெட் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. ‘பொருள்’ என்பார். வரியைக் குறையுங்கள் என்று அமைச்சரிடம் கேட்டதாக ஒருபோதும் சொல்ல மாட்டார். கவலையைப் பகிர்ந்துகொண்டோம் என்பார். எல்லோருக்கும் காபி வரவழைத்துவிட்டுத் தனக்கு வெந்நீர் வாங்கிக்கொள்வார். யாரையும் அதட்டியதில்லை, யாருக்கும் உத்தரவு போட்டதும் இல்லை. அவர் உத்தரவெல்லாம் விசாரிப்பாகத்தான் வரும். “சின்ன வியாபாரிகள் எல்லாம் வரியை நினைச்சு ரொம்பக் கவலையா இருக்காங்களாமே, நைனார்?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்பார். வியாழக்கிழமைக்குள் அவர்கள் கவலைப்பட்டாக வேண்டும் என்று அதற்குப் பொருள். நானும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்க் கவலையைச் சப்ளை செய்துவிட்டு வருவேன்.

முதல் தடவை சொதப்பினேன். பத்துப் பன்னிரண்டு கடைக்காரர்களை வேனில் ஏற்றி, வரித்துறை அதிகாரி ஒருவரைப் பார்க்கச் சென்னைக்குக் கூட்டிப் போனோம். வழி முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதிகாரி முதல் ஆளைப் பார்த்து, எந்த ஊரு என்று கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, “வரி ஏறினா எங்க குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்ங்க” என்றார். அடுத்தவரிடம், உங்க பேர் என்ன என்றார். அவருக்கும் நடுத்தெருதான். அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. திரும்பும்போது சந்தானம் சார் வெந்நீரை ஊதிக்கொண்டே, “வசனம் வேண்டாம், வாழ்க்கை வேணும், இல்லையா?” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் தொழில் கற்றுக்கொண்டோம். ஆள் தேர்ந்தெடுப்பதற்கென்றே முறைகள் வந்தன. இப்போது பணியில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கூட்டமாக அழைத்துப் போகக் கூடாது, நாலு பேர் போதும். கடையில் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர் ஆகாது. இருமுகிறவர் கூடவே கூடாது. கைக்கடிகாரம், தங்கம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் கிழிந்த சட்டை உதவாது, நாடகம் என்று தெரிந்துவிடும். துவைத்து வெளிறிய சட்டைதான் சரி. ஒருவர் கால் ஊனமானவர், ஒருவர் படித்து வேலை கிடைக்காதவர், ஒருவர் வயதானவர், ஒரு பெண். பெண் விதவையாக இருந்தால் விசேஷம். கடைசியில் யாராவது ஒருவர், வரி ஏறினால் புதுச்சேரியிலிருந்து திருட்டுச் சரக்கு வந்துவிடும் என்று சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து என்னென்ன வரும் என்று விழுப்புரம் மாவட்டத்துப் பிரமுகர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அந்த வார்த்தை வந்ததும் எல்லோரும் அனுபவசாலிகள் போலத் தலையாட்டுவார்கள்.

இந்த முறைகளில் ஒரே ஒரு விஷயத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அது பட்ஜெட் சரக்கு.

சிகரெட் வியாபாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்ஜெட் வருகிறது என்றால், விலை ஏறும் என்ற நம்பிக்கையில் கடைக்காரர்கள் முன்கூட்டியே சரக்கை வாங்கிப் பதுக்குவார்கள். வரி ஏறிய மறுநாள், பழைய விலையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்துப் புது விலைக்குச் சில்லறையாக விற்பார்கள். ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன் பாக்கெட்டில் அச்சடித்த விலையைப் பார்க்கப் போகிறானா? பெட்டிக்கடைக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற நாட்கள் அவைதான். தீபாவளிக்குக்கூட அத்தனை ஆவலாகக் காத்திருக்க மாட்டார்கள். அதாவது, வரி ஏறக் கூடாது என்று நாங்கள் யாரை அழ வைத்தோமோ, அவர்கள்தான் வரி எப்போது ஏறும் என்று காத்துக் கிடந்தவர்கள். கம்பெனிக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். தெரிந்ததையெல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமா?

இனி லூர்துமேரிக்கு வருகிறேன். திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வெளியே, சாலையோரம் பெட்டிக்கடை வைத்திருந்தார். தகரக் கூரை, வாழைத்தார், வெற்றிலை, கண்ணாடிப் புட்டிகளில் மிட்டாய், ஓரத்தில் புகையும் கயிறு, மேலே எங்கள் கம்பெனி போர்டு. அவருடைய பெற்றோர் ஓமந்தூர்ப் பக்கம் கூலிக்கு நிலக்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கியவர்கள். ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் லூர்துமேரி கடையில்தான் இருப்பார். மாநில அரசே சிகரெட்டுக்குத் தனியாக வரி போடலாம் என்று வழி பிறந்த பிறகு, ஒரு வருஷம் அந்த வரி பலமாக ஏறப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. சட்டமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் அடங்கிய ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகக் கருத்துக் கேட்டு வந்தது. சந்தானம் சாரின் கவலை உச்சத்துக்குப் போனது. நான் லூர்துமேரியைத் தேர்ந்தெடுத்தேன்.

அவரைப் பார்க்கச் சந்தானம் சாரே திண்டிவனத்துக்கு வந்தார். காரின் கண்ணாடியை இறக்கி, கணவர் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், சிமெண்டு மூட்டை தூக்குகிறார் என்றார் லூர்துமேரி. சந்தானம் சார் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. சரி, அவரைப் பற்றிப் பேச்சு எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

லூர்துமேரிக்கு அப்போது வேறொரு கவலை. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், ஓரத்துக் கடைகளையெல்லாம் எடுத்துவிடுவார்கள் என்று நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டி முடியப் போகிற புதுக் கட்டடத்தில் படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. அதைப் பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். கட்டடக்காரர் முன்பணம் கேட்டார். மூன்று மாதம் தவணை. இதைச் சொல்லும்போதே லூர்துமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தானம் சார் அந்தக் கண்ணைக் கூர்ந்து பார்த்தார். நகைக்கடைக்காரர் உரசிப் பார்ப்பதுபோல் பார்த்தார் என்றால் பொருத்தமாக இருக்கும்.

“குழு முன்னாடி பேசும்போது வரியைப் பத்தி யோசிக்காதீங்கம்மா” என்றார் மிக மென்மையாக. “இந்தக் கடையையே நினைச்சுக்குங்க. போதும்.”

விழுப்புரம் பயணியர் மாளிகையில் கூட்டம் நடந்தது. நீள மேஜை, நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு, தட்டில் முந்திரிப் பருப்பு, எங்களுக்குப் பின்னால் வெந்நீரும் கையுமாகச் சந்தானம் சார். எங்களுக்கு முன்னால் ஒரு புற்றுநோய் மருத்துவர் பேசினார். கையில் தடிமனான கோப்பு. வரியை ஏற்றினால் இளம்பிள்ளைகள் புகைப்பது குறையும் என்று பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர், ஆனால் தொழில் தெரியாதவர். கூட அழுவதற்கு ஒரு ஆளைக்கூட அவர் அழைத்து வரவில்லை. பேசுவதற்காவது நோயாளிகளைக் கூட்டி வந்திருக்கலாம் என்றால், அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டையில்தான் நோய். குழுவினர் முந்திரியைத் தின்று முடித்தார்கள். நன்றி டாக்டர் என்றார் தலைவர்.

அடுத்து லூர்துமேரி எழுந்தார். துவைத்து வெளிறிய சேலை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, வேறொன்றும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி நகையைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

“அய்யா, நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட பொட்டிக்கடை வச்சிக்கினு கீறேன்” என்று தொடங்கினார். “எங்கம்மா அப்பா ஊரான் நெலத்துல மல்லாட்டை புடுங்கினவங்க. குந்தறதுக்கு சொந்தமா ஒரு நெழலுன்னு எங்க வம்சத்துல மொதமொதல்ல வந்தது இந்தக் கடைதாங்க. அதையும் எடுத்துட்டீங்கன்னா நாங்க எங்கங்க போயி நிப்போம்?”

அழுதார். அதை அழுகை என்று சொன்னால் போதாது. சத்தமே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்காமல் நின்றார். கம்பெனி புகைப்படக்காரர் படம் எடுத்தார். மேஜையின் ஓரத்தில் இருந்த வரித்துறை அதிகாரி ஒருவருக்கு மட்டும் விஷயம் உறுத்தியது. வரி ஏறினால் விலைதானே ஏறும், கடையை யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. லூர்துமேரி அசரவில்லை.

“கடை போனா என்னாங்க, வியாபாரம் போனா என்னாங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கவலைப்படாதேம்மா, உங்களைப் போன்றவர்களின் குரலைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்றார். கேட்டார்கள். அதுதான் விபரீதம். நிதிநிலை அறிக்கை வந்தபோது சிகரெட் வரி ஏறவில்லை. ஏழைச் சிறு வணிகர்களின் கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்ததாக அறிவிப்பில் ஒரு வரி இருந்தது.

கம்பெனி விழா எடுத்தது. புதுச்சேரியில், கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில். புதுச்சேரி ஏன் என்றால், எங்களுக்கு அங்கே வரி குறைவான பானங்கள்மீது பற்று. பொழுது சாய்ந்தபின் விருந்து என்பதால் நான் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சந்தானம் சார் என்னை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுத்தார். ‘சிறு வணிகர்களின் குரல்’ என்று அதில் பொறித்திருந்தது. குரல் லூர்துமேரியுடையது, கேடயம் எனக்கு. பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் புறப்பட்டேன்.

கடையில் லூர்துமேரி பலகைமேல் உட்கார்ந்திருந்தார். மைசூர்பாகைக் கையில் வாங்கவில்லை.

“வரி ஏறலியாமே நைனார் சார்?”

“ஏறலைம்மா. எல்லாம் உங்க பேச்சுதான். தலைவரே அசந்துட்டாரு” என்றேன்.

அவர் எழுந்து பலகையைத் தூக்கிக் காட்டினார். கீழே பெட்டி பெட்டியாகச் சிகரெட். வாழைத்தாருக்குப் பின்னால், கூரைக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவில், கோணிப்பையைப் போட்டு மூடி, எங்கும் எங்கள் கம்பெனியின் பொருள்தான். அதில் பாதி புதுச்சேரியிலிருந்து வந்த சரக்கு. அன்று கழுத்தில் நகை இல்லாதது என் அறிவுரையால் அல்ல. கூட்டத்துக்கு முந்தின வாரமே செயினும் கம்மலும் அடகுக் கடைக்குப் போயிருந்தன. பட்ஜெட் சரக்கில் கிடைக்கிற லாபத்தை வைத்து அந்தப் படிக்கட்டு அறைக்கு முன்பணம் கொடுப்பது அவர் திட்டம். மைசூர்பாகும் கையுமாகக் கேட்டேன்.

“ஏம்மா, வரி ஏறணும்னு சரக்கைக் கட்டி வச்சிக்கிட்டு, ஏத்தாதீங்கன்னு போய் அழுதீங்களே?”

லூர்துமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“நான் சொன்னா கேப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும் சார்? ரேசன் கார்டுக்கு வருசக்கணக்கா நடந்தேன், கேக்கல. பட்டாவுக்கு எங்கப்பா நடந்தே செத்தாரு, கேக்கல. தெருவுல ஒரு கொழா போடுங்கன்னு சொன்னதுக்கு நாயத் தொரத்தற மாரி தொரத்தினாங்க. எவனும் காது குடுக்க மாட்டான்ற தைரியத்துலதான் அங்க வந்து பேசினேன். நீங்க தெனமும் வந்து போற மனுசன், கூப்புட்ட மரியாதிக்கு வந்தேன். கவுர்மெண்டு கேக்கும்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருப்பனா?”

மைசூர்பாகைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று சந்தானம் சாரிடம் கேட்டேன். அவர் வருத்தப்பட்டார். அளவுக்கு மீறிப் பொருளை இருப்பு வைப்பது கம்பெனிக் கொள்கைக்கே விரோதம் அல்லவா என்றார். நம் அனுதாபத்தை அந்த அம்மாவுக்குத் தெரிவிக்கலாமே என்று யோசனையும் சொன்னார். பங்குனி வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் சிகரெட் காய்ந்து உதிர ஆரம்பித்தது. வாங்கின விலைக்கும் கீழே, வந்த விலைக்குத் தள்ளினார் லூர்துமேரி. தவணை முடிந்தது. படிக்கட்டு அறையில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது.

கடை எடுக்கிற தேதி நெருங்கியபோது அவர் எனக்குப் போன் செய்தார். அன்றைக்குக் கேட்டாரே அந்த அய்யா, அவரிடம் இன்னொரு தடவை கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். கடைக்குப் பதிலாகப் பஸ் நிலையத்துக்குள்ளே ஓரமாக நாலடி இடம் கொடுத்தால் போதும். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஒருமுறை வேலை செய்த மருந்தை மறுபடியும் சாப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்புதானே. சந்தானம் சாரிடம் சொன்னேன். அது வேறு துறை விவகாரமாயிற்றே என்றார். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, குழுத் தலைவராக இருந்தவரின் விழுப்புரம் வீட்டுக்கு லூர்துமேரியை அழைத்துப் போனேன்.

காலை நேரத்துக் கூட்டம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள், இடமாற்றம் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றோம். முறை வந்ததும் லூர்துமேரி பேசினார். அன்று பேசியதையே பேசினார். அதே மல்லாட்டை, அதே நிழல், அதே ‘எங்க போயி நிப்போம்’. அன்றைக்கு வரி என்ற பெயரில் அழுத அழுகை இன்றைக்குத்தான் தன் சொந்தப் பெயரில் வந்தது. எனக்கே கண் கலங்கியது. நான் தொழில்முறையில் அழ வைக்கிறவன், எனக்கு அது புதுசு.

தலைவருக்கு லூர்துமேரியின் முகம் அடையாளம் தெரிந்தது. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். நான் பயணியர் மாளிகைக் கூட்டத்தை நினைவுபடுத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கள் தலைக்கு மேலாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“கம்பெனியிலேர்ந்து சந்தானம் சார் வரலியா?”

வரவில்லை என்றேன். மலர்ந்த முகம் அடங்கியது. “சரி, மனு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. பாக்கலாம்” என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் லூர்துமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் மயிலத்தைத் தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அதே வாய்தான் சார். அதே அழுகைதான். அன்னிக்கி எனக்குப் பின்னாடி குந்திக்கினு இருந்தாரே சுடுதண்ணி குடிச்சிக்கினு, அவர் இல்ல. அம்புட்டுதான்.”

கடையை எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு, “நம்ம போர்டு அங்கே பத்திரமா இருக்குமா, நைனார்?” என்று விசாரித்தார். போர்டு கம்பெனிச் சொத்து. நான் போய்க் கழற்றினேன். லூர்துமேரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பொக்லைன் வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அந்த இடம் சாலையாகிவிட்டது. போர்டு இப்போதும் கம்பெனிக் கிடங்கில் சௌக்கியமாக இருக்கும்.

அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் கழித்து வரி ஏறத்தான் செய்தது. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. பதுக்குவதற்கு லூர்துமேரியிடம் கடையும் இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை. சந்தானம் சார் பெரிய பதவி உயர்வில் டெல்லிக்குப் போனார். அங்கே இதைவிடப் பெரிய கவலைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது வேன் கிடையாது, வெளிறிய சட்டை தேட வேண்டாம். கடைக்காரர் செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவருடைய கவலை நேராக அமைச்சருக்குப் போய்விடுகிறது என்று கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி பெருமையாகக் காட்டினார். கூடவே இந்த வருஷத்துத் துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்தார். பட்ஜெட்டுக்கு முன்னால் மாநிலம் முழுக்கப் போகிறதாம்.

முதல் பக்கத்தில் லூர்துமேரி. பயணியர் மாளிகையில் எடுத்த படம். பின்னால் இருந்த வெள்ளைத் துண்டு நாற்காலிகளை வெட்டிவிட்டு, அவர் கடையின் பழைய படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். துடைக்காத கண்ணீர் அப்படியே இருக்கிறது. ‘வரி உயர்ந்தால் இவர் கடை என்னாகும்?’ என்று மேலே கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் இதே படம்தானாம். இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையாம்.

போன மாதம் சென்னைக்குப் போகிற வழியில் பஸ் திண்டிவனத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தட்டில் வெள்ளரிப்பிஞ்சை அடுக்கி, மிளகாய்த்தூள் தடவி விற்றுக்கொண்டிருந்தார் லூர்துமேரி. தலை நன்றாக நரைத்துவிட்டது. அடையாளம் தெரிந்து, நைனார் சார் நல்லாக்கீறீங்களா என்று கேட்டார். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் பையிலிருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்று ஒரு ஆசை. அவர் தட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த கடையைத்தான் பார்த்தார். வாழைத்தார், மிட்டாய்ப் புட்டி, புகையும் கயிறு என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இன்னா சார் எழுதிக்கீது மேல?”

“வரி ஏறினா இந்தக் கடை போயிடுமாம்.”

பஸ் நகர ஆரம்பித்தது. அவர் கூடவே நாலடி நடந்தார்.

“அப்ப ஏத்தாம இருக்கச் சொல்லுங்க சார்” என்றார் லூர்துமேரி. “இதுலயாவது நிக்கட்டும்.”

தாளை அவர் திருப்பித் தரவில்லை.